ஏ.எம்.டி. காரில் மலை ஏற 'எம்' மோடு சரிப்படுமா?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு யோசனை வேணும்.

ஆடிக் கூட்டம் ஓய்ந்ததும் குடும்பத்தோடு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகலாம் என்றிருக்கிறோம். பாபநாசம் தாண்டினால் மலைப்பாதை. என்னுடையது ஏ.எம்.டி. கார். உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் வண்டியே மாற்றிக்கொள்ளும், அவ்வளவுதான்.

வண்ணார்பேட்டை நெரிசலில் 'டி'யில், அதாவது வண்டியே கியர் மாற்றும் நிலையில், போட்டால் சொகுசு. ஏற்றத்தில்தான் தொல்லை. வளைவில் காலைக் கொஞ்சம் எடுத்ததும் மூன்றாவது கியருக்குத் தாவுகிறது. மறுபடி மிதித்தால் இரண்டுக்கு இறங்க யோசிக்கிறது. அதற்குள் பின்னால் வரும் பஸ்காரர் ஹாரனை அமுக்கிவிடுகிறார்.

லிவரை 'எம்'முக்கு, அதாவது நாமே கியர் மாற்றும் மேனுவல் நிலைக்குத் தள்ளி, இரண்டிலேயே பிடித்து ஏறலாமா? ரொம்ப நேரம் அப்படி ஓட்டினால் கியர்பாக்ஸுக்குக் கேடு உண்டா? வேகம் விழுந்தால் அதுவே கீழே இறங்குமா, நாம்தான் தட்டணுமா?

இறக்கத்துக்கும் இரண்டாவது கியர்தான் என்று வைத்திருக்கிறேன். இஞ்சினே இழுத்துப் பிடிக்கும், பிரேக் சூடேறாது. நியூட்ரலில் உருட்டிப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கச் சொல்லும் மாமாக்கள் தயவுசெய்து ஒதுங்கவும்!

அப்புறம், என் வண்டியில் ஹில் ஹோல்டு, அதாவது ஏற்றத்தில் கிளப்பும்போது பின்னால் உருளாமல் பிடிக்கும் வசதி, கிடையாது. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்தி வைத்தால் கிளட்ச் கருகிவிடும். அப்படியானால் ஹேண்ட்பிரேக் போட்டுத்தான் கிளப்பணுமா?

சி.வி.டி. வண்டிக்காரர்கள் கோபிக்க வேண்டாம், அது கியர் படிகளே இல்லாத வேறு ஜாதி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். காரையாறு பக்கமோ செங்கோட்டை–ஆரியங்காவு வழியிலோ ஏ.எம்.டி.யில் போனவர்கள் சொல்லுங்கள்.