டாமி தாம்சன் கடல்கொள்ளைக்காரனா?

குளச்சல் மெக்கானிக்:
நேத்து நம்ம கரைப் பசங்க பேச்சுல ஒரு தம்பி, டாமி தாம்சனை 'இந்தக் காலத்துக் கடல்கொள்ளைக்காரன்'னு சொன்னான். எனக்கு மனசு கேக்கல, அதான் எழுதுதேன்.

கதை தெரியாதவங்களுக்கு: 1857 செப்டம்பர்ல எஸ்.எஸ். சென்ட்ரல் அமெரிக்கா கப்பல் கலிஃபோர்னியாத் தங்கத்தோட நியூயார்க் போற வழியில புயல்ல முங்கிச்சு. 425 பேர் செத்தாங்க. 131 வருசம் கழிச்சு, 1988ல, ஒகையோ மாநிலத்து இன்ஜினியர் தாம்சன் அதைக் கண்டுபிடிச்சார். கரையில இருந்து 160 மைல், ஆழம் 7,200 அடி. எந்த முங்குளிக்காரனும் எட்ட முடியாத இடம். அதுக்காகவே 'நீமோ'ன்னு ஒரு எந்திரத்தைத் தாம்சனும் கூட்டாளிகளும் செஞ்சாங்க. தங்கக்காசுக் குவியல் மேல ரப்பர் மாதிரி இறுகுற சிலிக்கோனை ஊத்தி, இறுகினதும் கட்டியா அப்படியே தூக்கும், காசுல ஒரு கீறல் விழாது. இருபது வருசமா விசைப்படகு என்ஜின் வேல பாக்கறவன் நான். உப்புத்தண்ணி ஒரு போல்ட்டையே என்ன பாடு படுத்தும்னு தெரியும். அந்த ஆழத்துல கை வச்சு வேல செய்யற எந்திரம் எம்மாம் பெரிய காரியம்!

அப்படிப்பட்டவர் கோர்ட்டும் வழக்குமா அலைஞ்சு, 2012ல காணாமப் போயிட்டார். 2015 ஜனவரியில ஃபுளோரிடா ஹோட்டல்ல பிடிச்சாங்க. கொள்ளைக்காரன் அடுத்தவன் கப்பல்ல ஏறிப் பிடுங்குவான். இவர் யாரும் நெருங்காத இடத்துல இருந்து எடுத்துட்டு வந்தவர். ரெண்டும் ஒண்ணா?

களியக்காவிளை வக்கீல்:
'கொள்ளைக்காரன்' என்ற சொல் எனக்கும் ஏற்பில்லை, தம்பி. ஆனால் தாம்சனைக் கோர்ட்டுதான் துரத்தியது என்பது சரியல்ல. மூழ்கிய கப்பலைப் பொறுத்தவரை இரண்டு கொள்கைகள் உண்டு. ஒன்று, கண்டெடுத்தவனுக்கே சொந்தம். மற்றது, பொருள் உரியவருக்கே சொந்தம், மீட்டவருக்கு உழைப்பின் அளவுக்கு வெகுமதி. 39 காப்பீட்டு நிறுவனங்கள், நாங்கள் அன்றே இழப்பீடு கொடுத்தோம், தங்கம் எங்களுடையது என்று வந்தன. 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டாவது கொள்கையை எடுத்தது. ஆனாலும் தாம்சன் குழுவுக்குக் கிடைத்தது சுமார் 92 விழுக்காடு. இதை விட அள்ளிக்கொடுத்த தீர்ப்பு எங்கே கிடைக்கும்? நம் நாட்டில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் கிடைத்தாலே கலெக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

அவரைத் துரத்தியவர்கள் காப்பீட்டுக்காரர்கள் அல்ல. அவரை நம்பி 1 கோடியே 27 லட்சம் டாலர் போட்ட 161 பங்காளிகள். 2000இல் தங்கம் ஏறக்குறைய 5 கோடி டாலருக்கு விற்றது. பங்காளிகளுக்கு ஒரு டாலர்கூட வரவில்லை. 2005இல் வழக்கு வந்தது.

மார்த்தாண்டம் அக்கா:
வக்கீல் சார் சொல்லுத இடத்துலதான் எனக்கு வயிறு எரியுது. எங்க தெருவுல சீட்டுப் பிடிக்கற ஒரு சிட்டிக்காரர் இருந்தார். பத்து வருசம் வாரம் தவறாம வாங்கினார், நாங்களும் நகையை அடகு வச்சுக் கட்டினோம். ஒருநாள் காலையில போய்ப் பாத்தா கடையில பூட்டு. என் மக கல்யாணத்துக்கு வச்ச பணம். தாம்சன் எந்திரம் செஞ்சது பெருசுதான், ஒத்துக்கிடுதேன். ஆனா அந்த 161 பேர் காசு இல்லாம நீமோ கடல்ல இறங்கியிருக்குமா?

குளச்சல் மெக்கானிக்:
அக்கா, உங்க வலி புரியுது. ஆனா சிட்டிக்காரர் ஒண்ணும் உண்டாக்கல, இருந்த காசைத் தூக்கிட்டுப் போனார். தாம்சன் இல்லாததை உண்டாக்கினவர். தேடின விதத்தையே பாருங்க. நம்ம பெரியவங்க கடல்ல இருந்துட்டு மலையையும் கோயில் கோபுரத்தையும் ஒண்ணோட ஒண்ணு சேத்துப் பாத்து, மீன் கூடுற கடலடிப் பாறை, அதான் பார், எங்க இருக்குன்னு கணியம் பாப்பாங்க இல்லியா? 160 மைலுக்கு அப்பால மலையும் கிடையாது, கோபுரமும் கிடையாது. பிழைச்சவங்க சொன்னது, அன்னைக்கு அந்தப் பக்கம் போன கப்பல்களோட குறிப்பு, காத்து, நீரோட்டம் எல்லாத்தையும் சேத்து, லாரன்ஸ் ஸ்டோன்ங்கற கணக்கு வல்லுநர் எங்க இருக்க வாய்ப்பு அதிகம்னு கடலைக் கட்டம் கட்டமாப் பிரிச்சுக் குடுத்தார். பிறகு 1,400 சதுர மைல் சோனாரால, அதாவது சத்தத்தை அனுப்பி எதிரொலியை வச்சுக் கடலடியைப் பாக்கற கருவியால, துழாவினாங்க. பணம் தேடலுக்கும் கடன் வட்டிக்கும் வக்கீல் செலவுக்கும் போயிட்டுன்னுதான் தாம்சன் தரப்பு சொல்லிச்சு.

தண்டனையையும் பாருங்க. கப்பல் தங்கத்தை உருக்கி அடிச்ச 500 காசு எங்கன்னு சொல்லாததுக்காக 2015 டிசம்பர்ல இருந்து உள்ள வச்சாங்க, தினம் 1,000 டாலர் அபராதம். ஞாபகமில்ல, பெலீஸ் நாட்டுல ஒரு டிரஸ்ட்டுக்குக் குடுத்துட்டேன்னு சொன்னார். இனி அடைச்சு வச்சு பிரயோஜனமில்லன்னு நீதிபதியே முடிவு பண்ண 2025 ஜனவரி ஆச்சு. அதுக்குப் பிறகும் ஓடிப்போனதுக்கான ரெண்டு வருசத் தண்டனை தனியா. ஒன்பது வருசம் அண்ணே! வயசானவரு!

களியக்காவிளை வக்கீல்:
நீண்டதுதான், மறுக்கவில்லை. இப்படிப் பேச மறுப்பவரை அங்கே சாதாரணமாக 18 மாதத்துக்கு மேல் வைக்க முடியாது. ஆனால் 2015இல் ஓடிப்போன குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, காசு இருக்கும் இடத்தைச் சொல்ல உதவுகிறேன் என்று அவரே கையெழுத்திட்டார். அந்த ஒப்பந்தத்தை மீறியதால் 18 மாத வரம்பு பொருந்தாது என்று 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஃபுளோரிடாவில் ஹோட்டலுக்கு முன்பு அவர் இருந்த வாடகை வீட்டில் முன்பணம் கட்டிய செல்போன்களும் 10,000 டாலர் என்று அச்சடித்த நோட்டுக்கட்டுப் பட்டைகளும் கிடைத்தன. மறதிக்காரர் வீட்டில் இத்தனை ஏற்பாடா? எனக்கு நம்பிக்கை வரவில்லை.

தூத்தூர் மகள்:
ரெண்டு நாளா வாசிச்சுட்டு இருக்கேன். ஒரு வார்த்தை தொண்டையில நிக்குது. மெக்கானிக் அண்ணன் முதல்ல 'காணாமப் போயிட்டார்'னு எழுதியிருக்கிய. எங்க ஊர்ல அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். என் சித்தப்பா கொச்சியில இருந்து பல நாள் ஆழ்கடல்ல தங்கி மீன்பிடிக்கப் போன படகுல இருந்தார். உடலும் வரல, படகும் வரல. சித்தி இறப்புச் சான்றிதழ் கேட்டுப் போன ஆபீஸ்ல, உடல் இல்லாம எப்படித் தர்றதுன்னு திருப்பி அனுப்பினாங்க. ஏழு வருசம் தகவல் இல்லாம இருந்தாத்தான் செத்ததா எடுத்துக்கிடுவாங்களாம். பிறகு அரசு அதைத் தளர்த்துச்சு, ஆனா அந்த மாசங்கள்ல அவங்க விதவையுமில்ல, சுமங்கலியுமில்ல. எங்க ஆளுங்க காணாமப் போனாங்க. ஹோட்டல்ல ரூம் போட்டு இருந்தவர் காணாமப் போகல.

அந்த 425 பேரும் புயல்ல போனவங்கதான். அவங்க வீட்லயும் யாரோ கரையைப் பாத்துட்டு நின்னிருப்பாங்க. தங்கத்தை எண்ணுற எல்லாரும் அதை மறந்துட்டுப் பேசுதீய.

இன்னொண்ணு. எங்க படகுல மீன் ஏலம் போனதும் எண்ணெய், ஐஸ் செலவைக் கழிச்சு, படகுக்கு ஒரு பங்கு எடுத்துட்டு, மிச்சத்தைத் தொழிலுக்கு வந்தவங்களுக்குப் பிரிப்பாங்க. எவ்வளவுக்குப் போச்சுன்னு சமையல் பண்ணுத சின்னப் பயலுக்கும் தெரியும். தாம்சன் கூட வேல பாத்த தொழில்நுட்பக்காரங்களும் 2006ல பங்கு கேட்டு வழக்குப் போட்டாங்க. சோனாரைப் பாத்துட்டுத் தூங்காம கிடந்தவங்க அவங்க. பணக்காரப் பங்காளியை விடுங்க அண்ணே, இவங்களுக்கு என்ன சொல்லுதிய?

மார்த்தாண்டம் அக்கா:
மகளே, உன் சித்திக்கு என் வணக்கத்தைச் சொல்லு.

குளச்சல் மெக்கானிக்:
தங்கச்சி, ராத்திரி பூரா யோசிச்சேன். கூட வேல பாத்தவங்க வழக்கு எனக்குத் தெரிஞ்சதுதான். எழுதாம விட்டது என் தப்பு. நானும் கூலிக்கு என்ஜின் இறக்கறவன். சீசன் முடிஞ்சு பாக்கலாம்னு முதலாளி சொல்லி, பாக்காமலே போன வருசம் எனக்கும் உண்டு. அவங்க பங்குக்குத் தாம்சன் கணக்குச் சொல்லியிருக்கணும். 500 காசு எங்கன்னும் சொல்லியிருக்கணும்.

ஒன்பது வருசம் அதிகம்கறதுல நான் மாறல. நீமோ மாதிரி ஒண்ணைச் செஞ்சவரைக் கடல்கொள்ளைக்காரன்னு யார் சொன்னாலும் மறுத்து எழுதுவேன்.

ஆனா மேல முதல் பதிவுல 'காணாமப் போயிட்டார்'ங்கறதை எடுத்துட்டு, 'தலைமறைவாயிட்டார்'னு இப்ப திருத்துதேன். சித்தி கண்ணுல அந்தப் பழைய வரி பட்டிருந்தா மன்னிச்சுக்கிடச் சொல்லு.