நாமுல் (வேகவைத்துப் பிசையும் கொரியக் கீரை) கசக்கிறது, தண்ணீர் விடுகிறது: எங்கே தப்பு செய்கிறேன்?

சுவோன் வாசி:
வணக்கம். கொரியாவுக்கு வந்து இது எனக்கு இரண்டாவது வசந்தம். மார்ச் கடைசியில் சந்தைக்குப் போனால் பாட்டிமார்கள் தரையில் துணி விரித்து மலைக்கீரைகளைக் குவித்து வைத்திருக்கிறார்கள். ஆசைப்பட்டு நேங்கியும் சுவிநாமுலும் வாங்கினேன். ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு வடித்து, சோயா சாஸ், நிறைய பூண்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த நல்லெண்ணெய் எல்லாம் போட்டுப் பிசைந்தேன்.

நேங்கி வாயில் வைத்தால் நறநறவென்று மண். சுவிநாமுல் கறுத்துக் குழைந்து, பத்தே நிமிடத்தில் தட்டில் தண்ணீர் தேங்கிவிட்டது. கசப்பு வேறு. கடையில் சாப்பிடும்போது இலை இலையாகப் பிரிந்து, பச்சை மாறாமல் அவ்வளவு மணமாக இருக்கிறதே!

இன்னொன்று. கீழ்வீட்டு ஹல்மொனி (பாட்டி) மலையில் பறித்த வொன்ச்சுரி என்ற கீரை ஒரு பை கொடுத்தார். இளசாக இருக்கிறது. பச்சையாகவே சாலட் செய்யலாமா?

மலைக்காற்று:
முதலில் கடைசிக் கேள்வி. வொன்ச்சுரியைப் பச்சையாகச் சாப்பிடவே கூடாது. அதில் கோல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது, வாந்தி பேதி வரும். வளர வளர அது கூடும் என்பதால் இளந்தளிரை மட்டும்தான் எடுப்பார்கள். கொதிநீரில் நன்றாக வேகவைத்து, குளிர்ந்த நீரில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவிட வேண்டும். நஞ்சு நீரில் இறங்கிவிடும், அந்த நீரைக் கொட்டிவிடுங்கள்.

யொரோ என்ற நச்சுச்செடியும் முளைக்கும்போது பார்க்க இதே மாதிரி இருக்கும். அதன் இலையில் ரோமமும் ஆழமான மடிப்பு மடிப்பான வரிகளும் உண்டு, வொன்ச்சுரி வழவழப்பானது. பையில் சந்தேகமாக ஓர் இலை இருந்தாலும் ஹல்மொனியிடம் காட்டிக் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். தெரிந்தவர்கள்கூட வருடாவருடம் ஏமாறுகிறார்கள்.

சுன்ச்சொன் அக்கா:
தங்கச்சி, ஐந்து நிமிடம் ரொம்ப அதிகம். நம் ஊர்க் கீரை மசியலுக்கு வேகவைக்கிற மாதிரி இதை வேகவைக்கக் கூடாது. பெரிய பாத்திரத்தில் தளதளவென்று கொதிக்கிற நீர், ஒரு ஸ்பூன் கல்லுப்பு, மூடி போடாதீர்கள். தண்டுப் பக்கத்தை முதலில் இறக்கி, அப்புறம் இலையை அமுக்குங்கள். சுவிநாமுலுக்கு ஒன்றிரண்டு நிமிடம். தண்டைக் கிள்ளிப் பார்த்தால் நகம் இறங்க வேண்டும், அவ்வளவுதான். உடனே குளிர்ந்த நீரில் போட்டால் பச்சை நிற்கும். கசப்பு தாங்கவில்லையா, அரை மணி நேரம் நீரிலேயே இருக்கட்டும். ஆனால் கசப்பை மொத்தமாக எடுத்துவிடாதீர்கள், வசந்தக் கீரைக்கு அழகே அந்த லேசான கசப்புதான்.

தண்ணீர் தேங்குவது சரியாகப் பிழியாததால். இரண்டு கைக்குள் உருண்டையாகப் பிடித்து அழுத்துங்கள். முறுக்கினால் இலை கிழிந்து கூழாகும். பிழிந்ததும் உருண்டையை உதறிப் பிரித்துவிட வேண்டும்.

அடுத்து, சாதாரண சோயா சாஸ் இனிக்கும், கறுப்பாக்கும். நாமுலுக்கு குக்கஞ்சாங் என்ற சூப் சோயா சாஸ் வாங்குங்கள். நிறம் குறைவு, உப்பு அதிகம், ஒரு டீஸ்பூன் போதும். நம் நல்லெண்ணெயும் இங்கே சேராது, கொரிய எள்ளெண்ணெய் எள்ளை வறுத்து ஆட்டுவது. சுவிநாமுலுக்கு நான் பெரில்லா எண்ணெய்தான் விடுவேன். அது சீக்கிரம் சிக்கடிக்கும், ஃபிரிட்ஜில் வையுங்கள். பூண்டு அரை டீஸ்பூனுக்கு மேல் போனால் கீரை மணமே செத்துப்போகும்.

நேங்கிக்கு மணமே வேரில்தான், வெட்டி எறியாதீர்கள். கொஞ்ச நேரம் நீரில் ஊறவைத்து, வேரும் இலையும் சேரும் கணுவைக் கத்தி முனையால் சுரண்டி, நாலைந்து தண்ணீரில் அலசுங்கள். மண் ஒளிந்திருப்பது அந்தக் கணுவில்தான். அதற்குத் தென்ஜாங் (புளித்த சோயா விழுது) ஒரு ஸ்பூன் போட்டுப் பிசைந்தால் பிரமாதம்.

கரண்டியால் கிளறாமல் விரலாலேயே பிசையுங்கள். இங்கே அதைச் சொன்மாத் என்பார்கள், சொல்லுக்குச் சொல் ‘கைச்சுவை’. நாம் கைப்பக்குவம் என்கிறோமே, அதேதான்.

சுவோன் வாசி:
அக்கா, நேற்று செய்தேன். ஒன்றரை நிமிடம், பிழிந்து, உதறி, குக்கஞ்சாங். ஒரு மணி நேரம் கழித்தும் தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை! என் கணவர் சோற்றில் போட்டுப் பிசைந்து முழுவதையும் காலி செய்துவிட்டார். வொன்ச்சுரியை மாலை முழுவதும் ஊறவிட்டு இரவில்தான் தொட்டோம், ஹல்மொனியும் ஒருமுறை பார்த்துச் சரி என்றார். இன்று சந்தையில் துரூப் என்ற முள்மரத் தளிர் வந்திருக்கிறது. அதையும் இப்படியே பிசையலாமா?

சுன்ச்சொன் அக்கா:
துரூப்பையும் பச்சையாகச் சாப்பிடக் கூடாது, வேகவைத்தே ஆக வேண்டும். அடிக்கட்டையையும் முள்ளையும் சீவிவிட்டு, அடிப்பக்கம் முதலில் நீரில் நிற்கும்படி வேகவையுங்கள். பிசைய வேண்டாம். கொச்சுஜாங்கில் (கொரிய மிளகாய் விழுது) வினிகரும் கொஞ்சம் சர்க்கரையும் கலந்து, தொட்டுச் சாப்பிடுங்கள்.