அந்த ஒரு மில்லிமீட்டரை எங்கிருந்து அளப்பீர்கள்?

வெட்டுக்கத்தி:
ஞாயிற்றுக்கிழமை இங்கே ‘பத்மநாபபுரம் பொறியாளன்’ எழுதியதை மருமகன் எனக்குப் படித்துக் காட்டினான். “பால்வெட்டு என்பது ஒரே கையசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான். ஒரு மில்லிமீட்டர் துல்லியம் இயந்திரத்துக்கு விளையாட்டு. செயற்கை நுண்ணறிவு வந்தபின் பத்து வருடத்தில் குமரி மாவட்டத்தில் மனிதர் யாரும் ரப்பர் வெட்டமாட்டார்கள்.” இவ்வளவுதான் அவர் எழுதியது. நான் குலசேகரம் பக்கம் 26 வருடமாக வெட்டுகிறேன். மற்றதை விடுங்கள். அந்த ஒரு மில்லிமீட்டரை எங்கிருந்து அளப்பீர்கள்?

பத்மநாபபுரம் பொறியாளன்:
அண்ணா, நான் யாரையும் இழிவாக எழுதவில்லை. சீனாவின் ஹைனான் தீவில் ரப்பர் வெட்டும் ரோபோக்களைத் தோட்டத்தில் இறக்கிச் சோதித்திருக்கிறார்கள். சக்கரத்தில் ஓடுவது ஒரு வகை, மரத்திலேயே கட்டி வைப்பது இன்னொரு வகை. கேமரா பழைய வெட்டைப் பார்க்கும், லேசர் தூரத்தை அளக்கும், கத்தி ஓடும். அதற்குத் தூக்கமும் இல்லை, முதுகுவலியும் இல்லை. 2013இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரேயும் ஆஸ்போர்னும் 47 சதவீத வேலைகள் தானியங்கிகளால் ஆபத்தில் இருப்பதாகக் கணக்குப் போட்டார்கள். நம் ஊருக்கு மட்டும் விதிவிலக்கா?

வெட்டுக்கத்தி:
லேசர் மரத்தின் மேல்தோலைத்தான் பார்க்கும் தம்பி. நான் கேட்டது உள்ளே.

புரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பால் ஓடும் குழாய்கள் பட்டையின் உள்பக்கத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன. அதற்கும் உள்ளே தடியை ஒட்டி வழுவழுப்பான ஒரு படலம் இருக்கிறது. கேம்பியம் என்று அதிகாரிகள் சொல்வார்கள். கத்தி அந்தப் படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் இப்புறம் நிற்க வேண்டும். மேலோடு போனால் சிரட்டையில் பால் குறையும். படலத்தைத் தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். ஆறி வரும் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சில வருடம் கழித்து வெட்டு அதே இடத்துக்குத் திரும்பும்போது கத்தி தட்டும். அந்தப் படலம் வெளியிலிருந்து தெரியாது. பட்டையின் கனம் மரத்துக்கு மரம் மாறும். எங்கிருந்து அளப்பீர்கள்?

நாஞ்சில் தட்டச்சு:
47 சதவீதம் என்று ஒரு எண்ணை எறிந்துவிட்டுப் போவது நன்றாக இருக்கிறது. அது அமெரிக்க வேலைகளைப் பற்றிய கணக்கு. அதிலும் இன்னும் பத்து இருபது வருடத்தில் தானியங்கியாக்க முடியக்கூடும் என்றுதான் எழுதினார்கள். குலசேகரத்து ரப்பர் மரத்தை அவர்கள் எண்ணவில்லை. 2016இல் செயற்கை நுண்ணறிவின் முன்னோடி ஜெஃப்ரி ஹிண்டன், எக்ஸ்ரே படம் பார்த்துச் சொல்லும் மருத்துவர்களுக்கு இனிப் பயிற்சி தருவதையே நிறுத்திவிடலாம், ஐந்து வருடத்தில் இயந்திரம் அவர்களை மிஞ்சிவிடும் என்றார். 2024இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எக்ஸ்ரே மருத்துவர்கள் இன்றும் படம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பத்மநாபபுரம் பொறியாளன்:
அண்ணாச்சி, நோபல் வாங்கியவரைத் திருத்த நாகர்கோவிலில் டி.டி.பி. கடை நடத்துகிறவர் கிளம்பிவிட்டாரே! போன ஓணத்துக்குத் தென்னைமரம் ஏறும் கருவியைப் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் “நடக்காது” என்றீர்கள். இன்று என் சித்தப்பாவே அதில் ஏறித் தேங்காய் போடுகிறார்.

நாஞ்சில் தட்டச்சு:
“நடக்காது” என்று நான் எழுதவில்லை. “ஆள் வேண்டும்” என்று எழுதினேன். உங்கள் சித்தப்பா ஆள் இல்லையா? அந்தக் கருவி தானாகவா ஏறுகிறது?

வெட்டுக்கத்தி:
தேங்காயை அப்புறம் போடுங்கள். ஒரு மில்லிமீட்டர்?

அருமனைக்காரி:
இரண்டு பேரும் ஆண்பிள்ளைகளின் வேலையை மட்டும் பேசுகிறீர்கள். என் அம்மா முப்பது வருடம் அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்குப் போனார். தல்லும்போது, அதாவது கொட்டையைத் தட்டி உடைக்கும்போது, ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டு விரல்நுனி கறுத்துத் தோல் உரியும். சாம்பலைத் தொட்டுக்கொண்டுதான் தல்லுவார்கள். திருமணத்துக்குப் போனால் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வார். இப்போது வெட்டுவதற்கும் இயந்திரம், நிறம் பிரிப்பதற்கும் இயந்திரம். பருப்பு வரிசையாகச் சரிந்து விழும்போதே கேமரா பார்த்து, காற்றை ஊதிச் சொத்தையைத் தனியே தள்ளுகிறது. அம்மாவின் விரலுக்கு நல்லதுதான். ஆனால் சனிக்கிழமைக் கூலி நின்றுபோனது. எது நல்லது, எது கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. துல்லியம் துல்லியம் என்று கத்துகிறவர்கள் யாருடைய கையைப் பார்த்தீர்கள் என்று கேட்கிறேன்.

பத்மநாபபுரம் பொறியாளன்:
அக்கா, நீங்கள் சொன்னதே என் கட்சிக்குச் சாட்சி. முழுப்பருப்பா உடைந்ததா, டபிள்யூ 320 தரமா என்று கண்ணால் பார்த்துப் பிரித்தவர்கள் எத்தனை பேர்! ஒரு பவுண்டுக்கு 320 பருப்பு என்ற கணக்கை இயந்திரம் கண்ணிமைக்கும் நேரத்தில் பார்த்துவிடுகிறது.

அருமனைக்காரி:
உங்கள் கட்சியில் நான் எப்போது சேர்ந்தேன்?

வெட்டுக்கத்தி:
அண்டிப்பருப்பு ஓட்டைவிட்டு வெளியே வந்து கேமரா முன்னால் விழுகிறது. எல்லாரும் பார்க்கலாம். ரப்பர் பட்டை அப்படித் திறந்து காட்டாது.

என் வேலையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். காலை நான்கு மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நடக்கிறேன். வெயில் ஏறுவதற்கு முன்னால்தான் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக இறங்கும். முதலில் முந்தின வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துச் சாக்கில் போடவேண்டும். பிறகு இடது மேலிருந்து வலது கீழாகச் சுமார் 30 பாகைச் சரிவில் கத்தியை இழுக்க வேண்டும். பால்குழாய்கள் நேராக நிற்பதில்லை, சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து சரித்தால்தான் அதிகக் குழாய் வெட்டுப்படும். சீவல் நூல்போலச் சுருண்டு காலில் விழும். சீவல் மொரமொரவென்றால் இன்னும் மேலே நிற்கிறேன் என்று பொருள். கத்தி வெண்ணெயில் போவதுபோல வழுக்கினால் அடுத்த விரலசைவில் கை நின்றுவிட வேண்டும். நின்ற இடம்தான் அந்த ஒரு மில்லிமீட்டர். 300 மரம். ஒன்றுவிட்டு ஒரு நாள். இதைத்தான் ‘ஒரே கையசைவு’ என்று தம்பி எழுதினார்.

பத்மநாபபுரம் பொறியாளன்:
இழுவை மாறும்போது கை நிற்கிறது என்றுதானே சொல்கிறீர்கள்? அதற்குப் பெயர் விசை உணரி. கத்தியின் பிடியில் வைத்துவிடலாம். 26 வருடம் நீங்கள் கற்றதை ஆயிரம் மரத்தின் தரவை வைத்து அது ஒரு மாதத்தில் கற்கும்.

வெட்டுக்கத்தி:
அது கற்கும்வரை காயப்படும் ஆயிரம் மரம் யாருடையது? கன்று நட்டு ஏழு வருடம் காத்திருந்தால்தான் முதல் வெட்டு. உங்கள் இயந்திரம் கற்றுக்கொள்ள என் முதலாளியின் தோட்டத்தைக் கேட்காதீர்கள். பத்மநாபபுரம் கோட்டைக்குள் ரப்பர் நட்டு அங்கே பழகட்டும்.

தோவாளைப் பிச்சி:
ரப்பர் ரப்பர் என்று விளவங்கோடும் கல்குளமும்தான் மாவட்டம் என்று நினைப்பு. இந்தப் பக்கம் வயலில் கதிர் அறுக்கும் இயந்திரம் இறங்கியபோது எங்கள் ஊர் அறுப்புக்காரர்களுக்காக மேற்கே ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

வெட்டுக்கத்தி:
வயலைக் காலனியாக்கி விற்றவர்கள் அறுப்புக்காரருக்காக அழ வேண்டாம்.

தோவாளைப் பிச்சி:
நாங்கள் விற்றோமா? குளத்தையும் வயலையும் மூடி ரப்பர் நட்டது யார் என்று சொல்லட்டுமா?

நாஞ்சில் தட்டச்சு:
பொறியாளரிடம் ஒரு சந்தேகம். முதலில் போவது வெட்டுக்காரர் வேலை என்று எப்படி முடிவுக்கு வந்தீர்கள்? 1988இல் ரோபோ ஆய்வாளர் ஹான்ஸ் மொராவெக் எழுதியது இன்றும் நிற்கிறது. சதுரங்கம் ஆடுவது இயந்திரத்துக்கு எளிது, ஒரு வயதுக் குழந்தைபோல நடப்பதும் பார்ப்பதும் கடினம். 1997இல் உலகச் சதுரங்கச் சாம்பியன் காஸ்பரோவையே இயந்திரம் தோற்கடித்துவிட்டது. மலைச்சரிவில் தட்டுத்தட்டாக வெட்டிய ரப்பர் தோட்டத்தில், வேரில் தடுக்காமல் 300 மரத்துக்கு நடந்து போகும் இயந்திரத்தைக் காட்டுங்கள்.

என் கடையில் நடப்பதைச் சொல்கிறேன். மனு எழுத வந்தவர்கள் இப்போது கைப்பேசியில் எழுதி வாங்கிக்கொண்டு “பிரிண்ட் மட்டும் போதும்” என்கிறார்கள். போன வாரம் ஒருவர் நிலம் அளக்கக் கோரி மனு கொண்டுவந்தார். “தங்கள் மேலான கவனத்திற்கு” என்று தொடங்கி ஐந்து பத்தி, தேன் ஒழுகும் தமிழ். சர்வே எண் மட்டும் இல்லை. நான்தான் கேட்டு எழுதிச் சேர்த்தேன். பத்து ரூபாய் கொடுத்தார், அச்சுக் கூலி. ஆகவே மேசையில் உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான் முதலில் வந்தது. உங்களுக்கும்தான், நிரல் எழுதும் பொறியாளரே. உங்கள் அலுவலகத்தில் நிரலை யார் எழுதுகிறார்கள் என்று சொல்லுங்களேன்.

பத்மநாபபுரம் பொறியாளன்:
அது கருவி. நான் பயன்படுத்துகிறேன். வாடிக்கையாளர்கள் உங்களைவிட்டுப் போனதற்கு இயந்திரத்தைக் குறைசொல்லாதீர்கள். என் தங்கையின் திருமண அழைப்பிதழில் ‘நல்வரவை’ என்பதற்கு ‘நல்வரை’ என்று அடித்துக் கொடுத்த கடையை நான் மறக்கவில்லை. எந்தக் கடை என்று சொல்லமாட்டேன்.

நாஞ்சில் தட்டச்சு:
மாதிரித் தாளில் “சரி” என்று கையெழுத்துப் போட்டது யார் என்றும் சொல்லாதீர்கள்.

குளச்சல் வள்ளம்:
உள்ளே வந்ததற்கு மன்னிக்கவும். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்தது, உலகம் மாறியது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எங்களுக்கு நவம்பர் 30 என்றால் 2017, ஒக்கி புயல். எங்கள் படகில் ஜிபிஎஸ் இருந்தது. நாங்கள் எங்கே நிற்கிறோம் என்று அதற்குத் துல்லியமாகத் தெரியும். புயல் வருகிறது என்று ஆழ்கடலில் நின்ற எங்களுக்குச் சொல்ல ஒரு குரல்தான் வரவில்லை. அவ்வளவுதான். நீங்கள் பேசுங்கள்.

பத்மநாபபுரம் பொறியாளன்:
வருத்தமான செய்திதான். ஆனால் அது இயந்திரத்தின் பிழை இல்லையே.

அருமனைக்காரி:
அவர் இயந்திரத்தின் பிழை என்று எங்கே சொன்னார்? ஒருவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க ஒரு கருவி கண்டுபிடியுங்கள் முதலில்.

வெட்டுக்கத்தி:
பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. இந்த வெட்டு முறையை வகுத்தவரே சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் இருந்த ஹென்றி ரிட்லிதான். அதற்கு முன்னால் மரத்தைக் கொத்திக் காயப்படுத்தித்தான் பால் எடுத்தார்கள். பட்டையை மெல்லச் சீவினால் மரமும் பிழைக்கும், பாலும் வரும் என்று அவர் கண்டார். கையில் கத்தியோடு மரத்தடியில் நின்று கண்டார், தம்பி. நாற்காலியில் உட்கார்ந்து அல்ல. கேள்வி அப்படியே நிற்கிறது. எங்கிருந்து அளப்பீர்கள்?

பத்மநாபபுரம் பொறியாளன்:
சொல்லிவிட்டேன். விசை உணரி. வேண்டுமானால் மீயொலி வைத்துப் பட்டையின் கனத்தையே அளக்கலாம். உங்களுக்கும் ஒரு கேள்வி. உங்களுக்குப் பிறகு யார் வெட்டுவார்கள்? உங்கள் மகன் வெட்டுகிறானா?

வெட்டுக்கத்தி:
என் மகனை இழுக்க வேண்டாம்.

பத்மநாபபுரம் பொறியாளன்:
துபாயில் இருக்கிறான் என்று நீங்களே சித்திரையில் எழுதினீர்கள். தோட்டத்தில் இப்போது அசாமிலிருந்து வந்தவர்கள் வெட்டுகிறார்கள் என்றும் எழுதினீர்கள். ஆள் இல்லாத வேலைக்குத்தான் இயந்திரம் வருகிறது என்கிறேன்.

வெட்டுக்கத்தி:
அசாம் பையன்களுக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். ஒருவன் மூன்றாம் மாதமே என்னைவிடச் சுத்தமாக வெட்டினான். கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தேன். மகன் வெட்டாததற்கும் மில்லிமீட்டருக்கும் என்ன சம்பந்தம்? நீங்கள் ஞாயிற்றுக்கிழமை எழுதியது ‘துல்லியம்’, இன்று பேசுவது ‘ஆள்’. கேள்வியை மாற்றாதீர்கள்.

தோவாளைப் பிச்சி:
மணி மூன்றரை. இன்று வெட்டு இல்லையா அண்ணா, இங்கேயே இருக்கிறீர்கள்?

வெட்டுக்கத்தி:
மழை தூறுகிறது.

பத்மநாபபுரம் பொறியாளன்:
தக்கலையில் ஒரு துளி இல்லை. செயலியிலும் குலசேகரத்துக்கு மழை காட்டவில்லை.

வெட்டுக்கத்தி:
செயலி என் முற்றத்துக்கு வந்து பார்க்கட்டும்.

தோவாளைப் பிச்சி:
தூறலுக்கே வீட்டில் இருக்கிறீர்கள் என்றால் வெட்டில் மழைநீர் படாமல் மரத்தில் ஒட்டும் மறைப்பு, அந்த ரெயின்கார்டு ஒட்டவில்லையா? அதுகூட ஒட்டாதவரா இவ்வளவு நேரம் மில்லிமீட்டர் பேசினார்?

வெட்டுக்கத்தி:
ஒட்டுவது என் வேலையில்லை, முதலாளியின் வேலை. பிச்சிப்பூ கட்டுகிறவருக்கு ரெயின்கார்டு பற்றி என்ன தெரியும்? அதன் பசை எத்தனை நாள் நிற்கும் என்று சொல்லுங்கள் பார்க்கலாம்.