வாடகைக் காரும் ரோல் காசும்: கொக்குவில் சொந்தங்கள் குழு

சுகந்தி: சித்தப்பா, வாற மாசம் மகன் ரொறன்ரோவுக்கும் பிறகு நியூயோர்க்குக்கும் போறான். வாடகைக்குக் கார் எடுக்கப்போறானாம். கார் கொம்பனியின்ர பேரில இருக்கிறதால ரோல் காசை (toll, றோட்டில ஓடுறதுக்குக் கட்டுற சுங்கம்) அவைதான் கட்டோணும் எண்டு நிக்கிறான். சரியோ?

ரவி சித்தப்பா (ஸ்காபரோ): பாதிதான் சரி பிள்ளை. இஞ்ச ரொறன்ரோவில 407 எண்ட ரோல் ஹைவேயில காசு வாங்க ஒருத்தரும் நிக்கமாட்டினம். ஏறேக்கையும் இறங்கேக்கையும் கமரா காரின்ர நம்பர் பிளேட்டைப் படம் எடுக்கும். பிளேட் ஆரின்ர பேரில இருக்கோ அவைக்குத்தான் பில், சட்டமும் அப்பிடித்தான். கட்டாமல் விட்டா பிளேட்டைப் புதுப்பிக்க ஏலாது. அதால கொம்பனி கட்டிப்போட்டு, மகன் கையெழுத்து வைச்ச ஒப்பந்தப்படி அவன்ர கிரெடிட் காட்டில எடுக்கும். ரோல், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிளேட்டைப் படம் எடுக்கிற கமராக் காசு, மேல கொம்பனியின்ர நிர்வாகக் கட்டணம். சின்ன ஓட்டத்துக்கு ரோலை விட அந்தக் கட்டணம் கூடவா வரும். கார் திருப்பிக் குடுத்துக் கன நாளைக்குப் பிறகும் எடுப்பினம்.

சுகந்தி: நியூயோர்க்கிலயும் இதே கதையோ?

ரவி சித்தப்பா (ஸ்காபரோ): அங்க சட்டம் வேற. கட்டாத ரோலுக்குக் கொம்பனிக்கு நோட்டீஸ் வந்து 30 நாளுக்குள்ள வாடகை ஒப்பந்தத்தின்ர பிரதியை அனுப்பினா கொம்பனி தப்பும், பொறுப்பு கார் எடுத்தவன்ர தலையில.

குமார் (லண்டன்): இங்கிலாந்திலயும் அப்பிடித்தான், மச்சாள். லண்டனுக்குக் கிட்ட தேம்ஸ் ஆத்தைக் கடக்கிற டார்ட்ஃபோர்ட் கடவையில, காசு வாங்கிற கூண்டெல்லாம் 2014இல எடுத்தாச்சு. கடந்த அடுத்த நாள் நள்ளிரவுக்குள்ள பிளேட் நம்பரைப் போட்டு ஒன்லைனில நீங்களே கட்டலாம், வாடகைக் காருக்கும். கட்டினா கொம்பனிக்குக் கடிதமே போகாது. விட்டா அபராதம் 70 பவுண், 14 நாளுக்குள்ள எண்டா 35. கொம்பனி உங்கட பேரைக் குடுத்திட்டு, அதுக்கும் தனியக் காசு எடுக்கும்.

சிவா (வாடகை வான்): இஞ்ச இலங்கையில தெற்கு ஹைவேயில ஏறேக்க துண்டு, இறங்கேக்க காசு. கட்டாமல் வெளிய வர ஏலாது. அதால இந்தத் தலையிடி எங்கட ஆக்களுக்குப் பழக்கமில்லை. சித்தப்பா, ஒப்பந்தத்தில எதைப் பார்க்கோணும்?

ரவி சித்தப்பா (ஸ்காபரோ): முக்கியமா ஒண்டு: நிர்வாகக் கட்டணம் ரோல் றோட்டில ஓடின நாளுக்கு மட்டுமோ, ஒருக்கா ஓடினா வாடகை நாள் முழுக்கவோ? ரெண்டு விதமும் இருக்கு. அமெரிக்காவில சில காரில முன் கண்ணாடியில, மேல, சின்னப் பெட்டி ஒட்டியிருக்கும். மூடியை இழுத்துத் திறந்தா, கொம்பனி ரோலைக் கட்டி உங்களிட்ட எடுக்கிற ரோல் திட்டம் தொடங்கும். மூடி வைச்சாலும் கமராவால ரோல் எடுக்கிற றோட்டில போனா பிளேட்டாலயே பிடிபடும், அந்தத் திட்டத்துக்குள்ளயே விழும். சாவி வாங்கேக்கையே பெட்டியைப் படம் எடுக்கட்டும். திருப்பிக் குடுக்கேக்க நேரம் தெரியிற ரசீது வாங்கோணும், அடுத்த ஆள் ஓடினது இவன்ர கணக்கில வந்தா அதுதான் சாட்சி.

சுகந்தி: 407ஐத் தவிர்க்க ஏலாதோ?

ரவி சித்தப்பா (ஸ்காபரோ): ஏன் ஏலாது? பக்கத்து ஹைவே 401 இலவசம், நெரிசல்தான். போன் மேப்பில ரோல் றோட்டைத் தவிர்க்கிறதைப் போட்டுவிடச் சொல்லு. ஒப்பந்தத்தில ரோல் எண்டு இருக்கிற பக்கத்தைப் படம் எடுத்து இஞ்ச போடட்டும், கையெழுத்து வைக்க முந்திப் பார்த்துச் சொல்லுறன்.