ரியாக்ட் மட்டும் தெரிந்த டீம், பிரவுசரில் டிசைன் டூல்: கோடுகள் நடுங்குகின்றன

வரைபலகை:
சைட் லேஅவுட் போடும் சிவில் இன்ஜினியர்களுக்காக பிரவுசரில் ஓடும் டூல் ஒன்றைக் கட்டுகிறோம், ஃப்ரண்ட்எண்ட் டீம் இப்போது என் பொறுப்பில். பசங்க எல்லாரும் ரியாக்டில் (வெப் பக்கங்களின் முகப்பைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) கெட்டி, ஆனால் ஃபார்ம், டேஷ்போர்டு என்றே பழகியவர்கள். சின்ன வரைபடம் என்றால் பிரச்சினை இல்லை. சர்வே ஃபைலை ஏற்றி ஜூம் செய்தால் கோடுகள் நடுங்குகின்றன, சுவரை இழுத்தால் கர்சர் முன்னால் போய்விடுகிறது, சுவர் மெதுவாகப் பின்னால் வருகிறது. மேனேஜரோ எல்லாவற்றையும் சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் எழுதி வெப்அசெம்ப்ளிக்கு (மற்ற மொழிகளில் எழுதிய நிரலைப் பிரவுசரில் ஓட்டும் வடிவம்) மாற்றலாமா என்கிறார். புது ஆள் எடுப்பதா, இருப்பவர்களைத் தயார் செய்வதா?

கோணமானி:
இரண்டும் ஒரே நோய் இல்லை. நடுக்கத்துக்குக் காரணம் அநேகமாக எண்கள்தான். ஜாவாஸ்கிரிப்ட் எண் 64 பிட், வெப்ஜிஎல் ஷேடருக்குள் (பிரவுசரில் கிராஃபிக்ஸ் சிப்பான ஜிபியு ஓட்டும் வரையும் நிரல்) போனால் 32 பிட். சென்னைப் பக்கத்து சர்வேயில் யூடிஎம் (பூமியை மீட்டரில் அளக்கும் வரைபடக் கட்டம்) வடக்கு மதிப்பே, அதாவது பூமத்திய ரேகையிலிருந்து உள்ள தூரமே, 14 லட்சம் மீட்டரைத் தாண்டும், அவ்வளவு பெரிய எண்ணில் 32 பிட் ஃப்ளோட்டின் அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு நடுவே 12.5 செ.மீ. இடைவெளி. 9 இன்ச் சுவர் அதில் எப்படி நிலையாக நிற்கும்? கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியை ஆதியாக (0,0 புள்ளியாக) வைத்து, 64 பிட்டிலேயே கழித்துவிட்டு மீதியை மட்டும் ஜிபியுவுக்கு அனுப்புங்கள். மாடலில் (வரைபடத்தின் மூலத் தரவில்) இருக்கும் அசல் ஆயங்களைத் தொடாதீர்கள், எக்ஸ்போர்ட்டுக்கு அவைதான் வேண்டும்.

இரவுஷிஃப்ட்:
இழுவைக்கு வருகிறேன். ஒவ்வொரு பாயிண்டர் அசைவுக்கும் செட்ஸ்டேட் (ரியாக்டைத் திரையைப் புதுப்பிக்கச் சொல்லும் அழைப்பு) ஓடுகிறதா என்று புரொஃபைலரில் (எது எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் டூல்) பாருங்கள், ஓடும் என்று பந்தயமே கட்டுவேன். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்டுதான் கிடைக்கும். டூல்பார், ப்ராப்பர்ட்டி பேனல் ரியாக்டில் இருக்கட்டும், மாடல் அதற்கு வெளியே இருக்கட்டும். இழுக்கும்போது கேன்வாஸ் மட்டும் வரைய வேண்டும், பட்டனை விட்டதும் ஒரே கமாண்டாகப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சுவரைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர யூசர் கன்ட்ரோல் இசட்டைத் தட்டித் தட்டியே ஓய்ந்துவிடுவார்.

பழையகை:
ஆட்டோடெஸ்க் 2018-ல் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளை வெப்அசெம்ப்ளியில் கொண்டுவந்தது உண்மைதான், ஆனால் 1982-ல் வெளிவந்து வளர்ந்த மென்பொருள் அவர்கள் கையில் இருந்தது சார். உங்களிடம் மாற்றுவதற்கு என்ன இருக்கிறது? ஜியாமெட்ரி தெரிந்த ஒருவரை எடுங்கள், போதும். அப்புறம் ஒரு டிராஃப்ட்ஸ்மேனைக் கூப்பிட்டு பசங்க பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் இடது கையால் கமாண்டைத் தட்டும் வேகத்தைப் பார்த்தால் ஐகான் டிசைன் மீட்டிங்கில் பாதியை ரத்து செய்துவிடுவீர்கள்.

வரைபலகை:
ஆதியைக் கழித்ததும் நடுக்கம் நின்றது, நன்றி. இப்போது ஸ்னாப் (கர்சரைப் பக்கத்து மூலையில் ஒட்ட வைக்கும் வசதி) எந்த மூலையையுமே பிடிக்க மாட்டேன் என்கிறது.

கோணமானி:
மவுஸ் புள்ளியோடு ஆதியைத் திரும்பக் கூட்டினீர்களா?