மேடையில் வீட்டைப் பிரிக்கும் கோடு: எப்படிக் காட்டலாம்?

கல்லடியான்: விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) மேடை நாடகத்தில இருந்து வந்த படம்தானே. அதில வாறது மாதிரி வீட்டுக்குள்ள கோடு கீறிப் பிரியிற கூட்டுக்குடும்பக் கதை ஒண்டு மேடையில போடுறம். திறந்தவெளி, மேடை 24 அடி அகலம், 3 அடி உயரம். சனம் பாயில இருக்கும். சோக்கால கோடு கீறினா விளங்குமா?

ஒப்பனைக்காரன்: விளங்காது. கீழ இருந்து பாக்கிறவைக்கு மேடைத் தரையே தெரியாது. படத்தில எண்டா அந்தக் கோட்டைக் கமெரா காட்டிச்சு. கோட்டைப் பின்சுவரில இருந்து தொடங்குங்க. பின்தட்டி இரண்டும் சேரும் இடத்தில 2 அங்குல வெள்ளைப் பட்டியை மேலிருந்து கீழ இறக்கி, தரையால கொண்டு வந்து, மேடை முகப்பிலயும் கீழ வரை ஒட்டுங்க. முன்பக்கம் தெரிஞ்சாலே போதும். நட்டநடுவில வேணாம், 10 அடி–14 அடியாப் பிரிச்சா ஆருக்குக் குறைஞ்ச பங்கு எண்டு சொல்லாமலே விளங்கும். சோக் எண்டா முதல் காட்சியிலயே கால்பட்டு அழிஞ்சிடும்.

களரிப்பிள்ளை: கூத்து வட்டக்களரியில சுத்திவர ஆள் இருக்கும், இங்க ஒரு பக்கம் மட்டும்தான். அதால சண்டைக் காட்சியில ஆளையாள் நேரே பாத்துக் கதைக்க விடாதீங்க, முக்கால் முகம் சனத்துக்கு. தொங்கு மைக்குகளுக்கு ஸ்பொஞ்ச் உறை போடுங்க. கடற்காத்து இரைச்சல் வசனத்தை விழுங்கும்.

ஒப்பனைக்காரன்: ஓம். மற்றது, படத்து வசனத்தை அப்படியே எடுக்காதீங்க; உரிமைப் பிரச்சினை வரும், மெட்ராஸ் பேச்சும் இங்க ஒட்டாது.