சன்ஸ்கிரீனுக்குப் பதில் மூலிகைப் பொடி: காசிமேட்டு வெயிலுக்குத் தாங்குமா?

பழைய வண்ணை:
என் அத்தை காசிமேட்டில் மீன் விற்கிறார். விடியற்காலை ஏலம் முடிந்து அன்னக்கூடையோடு உட்கார்ந்தால் மதியம் வரை வெட்டவெளிதான். கன்னத்தில் மங்கு ஏறிக்கொண்டே போகிறது. தெரிந்தவர் ஒருவர் வீட்டில் அரைத்த பொடி விற்கிறார்: கஸ்தூரி மஞ்சள், கச்சோலம், கார்போகரிசி, ஆவாரம்பூ. பன்னீரில் குழைத்துப் பூசிக்கொண்டு வெயிலில் உட்காரலாம், சன்ஸ்கிரீனே வேண்டாம் என்கிறார். வாங்கித் தரலாமா?

வியாசை ரங்கூன்:
தாராளமாக வாங்கிக் கொடு தம்பி. எங்கள் குடும்பம் 1960களில் பர்மாவிலிருந்து வந்து வியாசர்பாடியில் குடியேறியது. எங்கள் ஆயா, பர்மாக்காரர்கள் முகத்தில் பூசும் தனக்கா மரத்தின் கட்டையைக் கல்லில் இழைத்துக் கன்னத்தில் பூசாமல் வெயிலில் இறங்கியதே இல்லை. அந்தப் பட்டையில் மார்மெசின் என்ற பொருள் இருக்கிறது, அது புற ஊதாக் கதிரை உறிஞ்சும். செடியால் வெயிலை விட்டு நகர முடியாது. அதனால் தன் இலையின் மேல்தோலில் ஃபிளேவனாய்டுகள் என்ற கதிரை உறிஞ்சும் பொருட்களைச் சேர்த்து வைத்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. கச்சோலத்தையே எடுத்துக்கொள். அதன் வாசனைக்குப் பின்னால் இருக்கும் எத்தில் மெத்தாக்ஸி சின்னமேட், சன்ஸ்கிரீன் கம்பெனிகள் போடும் ஆக்டினாக்ஸேட்டுக்கு நெருங்கிய உறவு. நம் கிழங்கில் இருப்பதைப் போன்ற ஒன்றைத்தான் ஆலையில் செய்து ஐந்நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள்.

தண்டையார்பேட்டை மருந்தாளுநர்:
அண்ணே, கச்சோலம் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் ஒரு பொருள் கதிரை உறிஞ்சுகிறது என்பது வேறு, முகத்தில் பூசியபின் போதிய அளவு உறிஞ்சுகிறது என்பது வேறு. வெயிலை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் எஸ்.பி.எஃப் அளவைக் கணக்கிடும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம், இடைவெளி இல்லாமல் படலமாகப் பூசி அளக்கிறார்கள். குழைத்த பொடி காய்ந்ததும் வெடிக்கும். வேர்வை நெற்றியிலிருந்து இறங்கும் இடத்தில் மஞ்சள் கரைந்து கோடு கோடாகத் தோல் தெரிவதை மீன் மார்க்கெட்டில் எப்போதும் பார்க்கலாம். அந்தக் கோட்டில் ஒரு பாதுகாப்பும் இல்லை. போதாக்குறைக்கு மஞ்சளின் குர்குமின் வெளிச்சம் பட்டால் தானே சிதைந்துவிடும்.

இதையெல்லாம் விட எனக்குக் கவலை கார்போகரிசி. அதில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது. வெண்புள்ளி வைத்தியத்தில் அதைக் கொடுத்து வெயில் காட்டுவது எதற்கு? தோல் கருக்க வேண்டும் என்பதற்குத்தான்! புற ஊதாவில் ஒரு வகையான யு.வி.ஏ கதிர் பட்டதும் சோராலென் டி.என்.ஏவோடு பிணைகிறது, அளவு மீறினால் கொப்புளம், அப்புறம் கரும்படை. எலுமிச்சைச் சாறு பட்ட கையை வெயிலில் காட்டினால் வரும் புண்ணும் இதே வகைதான். நலங்கு மாவில் போட்டுக் குளித்துக் கழுவுவது ஒரு விஷயம். மங்கு வந்த கன்னத்தில் அப்பிக்கொண்டு மதியம் வரை உட்காருவது ஆபத்து. தம்பி, அந்தப் பொடியை அத்தைக்குக் கொடுக்க வேண்டாம்.

வியாசை ரங்கூன்:
சரி, கார்போகரிசியை எடுத்துவிட்டு அரைக்கட்டும். அதற்காக மொத்த மூலிகையையும் ஒதுக்குவது நியாயமா? 2010இல் இந்திய ஆய்வாளர்கள் எண்ணெய்களைச் சோதித்தபோது தேங்காய் எண்ணெய்க்கும் ஆலிவ் எண்ணெய்க்கும் எஸ்.பி.எஃப் 7, 8 என்று வந்திருக்கிறது. மறுபக்கம், 2019இலும் 2020இலும் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏவே நடத்திய சோதனைகளில் சன்ஸ்கிரீன் ரசாயனங்கள் ரத்தத்தில் கலப்பது தெரியவந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டுமாம். மீன் வெட்டும் கையோடு யார் பூசுவது? தினக்கூலிக்கு அந்த டியூப் எத்தனை நாள் வரும்? உழைக்கிற பெண்களுக்குக் கட்டுப்படியாகாத வைத்தியத்தைச் சொல்லி என்ன பயன்?

தண்டையார்பேட்டை மருந்தாளுநர்:
காசு விஷயத்தில் நீங்கள் கேட்பது முழுக்க நியாயம், எனக்கும் அந்த ஆதங்கம் உண்டு. எண்ணெய்க் கணக்கு மட்டும் சரியில்லை. எண்ணெயைச் சாராயக் கரைசலில் கலந்து கருவியில் வைத்துப் போட்ட கணக்கு அது, யார் தோலிலும் பூசிப் பார்த்ததல்ல. எஃப்.டி.ஏ ரத்தத்தில் பார்த்தது ஆக்ஸிபென்சோன் போன்ற கரிமப் பொருட்களை. கலப்பதாலேயே கெடுதல் என்று ஆகாது, பூசுவதை நிறுத்தாதீர்கள் என்றும் அவர்களே சொன்னார்கள். பயமாக இருந்தால் கனிம வகையான ஜிங்க் ஆக்சைடு உள்ளதை வாங்கலாம்.

நான் மூலிகைக்கு எதிரியும் அல்ல. தவிட்டில் உள்ள ஃபெரூலிக் அமிலத்தை வைட்டமின் சி, ஈ கரைசலோடு சேர்த்தபோது பாதுகாப்பு இரட்டிப்பானதாக 2005இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் காட்டினார்கள். கிரீன் டீயின் கேட்டகின்களும் மத்திய அமெரிக்கப் பெரணிச் சாறும் வெயிலுக்குப் பின் வரும் சிவப்பைக் குறைக்கின்றன. இவையெல்லாம் உள்ளே நுழைந்த கதிர் செய்யும் சேதத்தைக் குறைக்கும் துணைகள். கதிரை வாசலில் நிறுத்துவது இல்லை. அமெரிக்காவோ ஐரோப்பாவோ சன்ஸ்கிரீனில் கதிரைத் தடுக்க அனுமதித்த பொருட்களின் பட்டியலில் ஒரு மூலிகைச் சாறுகூடக் கிடையாது.

எண்ணூர் டிரெய்லர்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். துறைமுக வாசலில் கண்டெய்னரோடு கியூவில் நிற்பவன் நான். ஜன்னல் பக்கம் இருக்கும் வலது கை, இடது கையை விட நன்றாகக் கருத்துவிட்டது. நம் கருப்புத் தோலே பாதுகாப்பு என்பார்களே, அது பொய்யா?

தண்டையார்பேட்டை மருந்தாளுநர்:
பொய் இல்லை. தோலின் கருநிறமியான மெலனின் நிஜமாகவே காக்கிறது, நம் ஊரில் தோல் புற்றுநோய் குறைவாக இருப்பதற்கு அது ஒரு காரணம். ஆனால் யு.வி.ஏ கண்ணாடியைத் தாண்டியும் வரும், முழுக்கைச் சட்டை போடுங்கள். மங்குக்குப் புற ஊதா மட்டும் காரணமில்லை, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே போதும், அதுவும் நம்மைப் போன்ற நிறத்தவருக்கு. சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. அயர்ன் ஆக்சைடு கலந்த நிறமுள்ள கிரீம்தான் தடுக்கும்.

வியாசை ரங்கூன்:
தனக்காவை நான் விடப்போவதில்லை, அது எங்கள் வீட்டு வழக்கம். ஆனால் கார்போகரிசி போட்ட பொடியை ‘வெயிலுக்கு நல்லது’ என்று விற்கக் கூடாது என்பதில் மேடம் பக்கம் நிற்கிறேன்.

பழைய வண்ணை:
கடையில் என்னவென்று கேட்க வேண்டும் அக்கா?

தண்டையார்பேட்டை மருந்தாளுநர்:
‘டின்டட் சன்ஸ்கிரீன்’ என்று கேளுங்கள். எஸ்.பி.எஃப் 30க்குக் குறையாமல், சேர்மானப் பட்டியலில் அயர்ன் ஆக்சைடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம், வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே. பத்து மணிக்கு மேல் பெரிய குடையும் தலையில் முந்தானையும் இருக்கட்டும், கிரீமை விட அவை மலிவு, வேர்வையில் கரையவும் கரையாது. மங்குக்கு அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.